ஐந்தாவது நிறம்

அத்தியாயம் பதினான்கு

சமையலறை ஜன்னலில் புதுத் திரைச்சீலை தொங்குகிறது. பழையது எரிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

அடுப்பை அணைக்க மறந்தது மாமனார்தான் என்று வீடு தீர்மானித்துவிட்டது. வீடு என்றால் இரண்டே பேர். ஒருவன் லிஃப்ட் மெக்கானிக்கான மகன், இன்னொருத்தி வேறு ஊரில் இருக்கும் மகள். காது கேட்காதவர், வயது எழுபத்திரண்டு, வீட்டில் தனியாக இருந்தார். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? புகையைப் பார்த்து ஓடிப்போய் வாளித் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்ததும் அவர்தான் என்பதை ஏனோ இருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஆள் ஒருத்தி இருக்கிறாள், நம் மருமகள். அடுப்பில் கெட்டிலை ஏற்றிவிட்டு, பார்சல் வாங்கக் கீழே இறங்கி, கீழ் வீட்டுக்காரியிடம் இருபது நிமிடம் வாயடித்துவிட்டு வந்தவள் அவள்தான் என்பது போன வாரமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கணவனுக்கு இன்னும் தெரியாது. முதல் நாள் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. இரண்டாம் நாள் சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாளுக்கு மேல், 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் வேண்டியிருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மாலை ஆறு மணிக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். விண்ணப்பம் மேஜை இழுப்பறையில், எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டு, ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. நாலு மணிக்கு நாத்தனார் வீடியோவில் வந்ததும் பேசி முடித்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

காலை எட்டரைக்கு மருமகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே போடுகிறாள். டிப்போவில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் 'டைம்டேபிள் அக்கா' என்றால் வண்டி கழுவுகிறவர் வரைக்கும் தெரியும்.

இன்று டிப்போவின் பக்கம் திறக்க மறுத்தது. 'உங்கள் உலாவி பழையது. வேறொன்றில் முயலவும்' என்று ஒரு வரி மட்டும் வந்தது.

ஒன்பது வருடமாக அவளுக்கு ஒரே உலாவி. அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் இணையம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். ஊருக்குள் நுழைய வேறு வாசலும் உண்டா என்று அவள் யோசித்ததே இல்லை.

போன் அடித்தது. டிப்போ மேற்பார்வையாளர்.

"அக்கா, பத்து மணிக்குள்ள பட்டியல் வரலைன்னா பதினேழாம் நம்பர் ஷெட்லயே நிக்கும்."

"நிக்கட்டும். அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணும்ல."

"விளையாடாதீங்க. வேற பிரவுசர்ல போட்டுப் பாருங்க. நாலஞ்சு இருக்கு, எல்லாமே சும்மாதான் கிடைக்குது."

ஒரே நாளில் மூன்று மாப்பிள்ளை பார்ப்பது போல மூன்றை இறக்கி வைத்தாள். முதலாவது திறந்ததுமே வானிலை, சினிமாச் செய்தி, பல் விளக்கும் பசை, பக்கத்து நாட்டில் பாம்பு பிடித்த கதை என்று கொட்டித் தீர்த்தது. அதற்கு வாயாடி என்று பெயர் வைத்து மூடினாள். இரண்டாவது வெறும் வெள்ளைப் பக்கம். எதையும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டேன், மூடினால் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன் என்று பெருமையாக அறிவித்தது. இவளுக்கே ஞாபகமறதி. இரண்டு மறதிகள் சேர்ந்து குடும்பம் நடத்த முடியாது என்று அதையும் மூடினாள்.

மூன்றாவதுதான் அவளை அசத்தியது. பழைய உலாவியில் இருப்பதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. சரி என்றாள். ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்த பக்கங்கள், கடவுச்சொற்கள், பாதியில் விட்ட பின்னல் பாடம் உட்பட எல்லாம் ஒரே நிமிடத்தில் வந்து இறங்கின. வீடு மாறும்போது ஒரு டம்ளர்கூட நசுங்காமல் சாமான் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தில் விளம்பரங்களுக்கு நடுவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கட்டுரையை, ஒரு பொத்தானை அழுத்தியதும் சுத்தமான வெள்ளைத் தாளில் எடுத்து வைத்தது. டிப்போவின் பக்கம் திறந்தது. ஒன்பது ஐம்பதுக்குப் பட்டியல் போய்விட்டது.

வேலை முடிந்தவள் எழுந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் இருந்த சின்னச் சின்னப் படங்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனாள். அவற்றில் ஒன்று காது மாதிரி இருந்தது.

அழுத்தியதும் எந்த மொழி என்று கேட்டது. நீளமான பட்டியல். நம்முடையது எங்கே இருக்கப்போகிறது என்று அலட்சியமாகக் கீழே போனாள். இருந்தது. திரையின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை வந்து நின்றது.

"இது என்ன புது வம்பு" என்று முணுமுணுத்தாள்.

பட்டையில் மஞ்சள் எழுத்தில் வந்தது. இது என்ன புது வம்பு.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நான் எதையும் அடிக்கலியே."

நான் எதையும் அடிக்கலியே, என்றது பட்டை.

பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமனார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பத்தொரு வருடம் பாய்லர் பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே நின்றவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஆறு வருடத்துக்கு முன்னால் அடியோடு நின்றுவிட்டது. காது மெஷின் வைத்தால் வண்டு ரீங்காரம் மட்டும்தான் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். இப்போது அவர் வேலை, மகன் தினமும் சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் அள்ளிக்கொண்டு வரும் திருகாணிகளையும் நட்டுகளையும் அளவுவாரியாக ஜாடிகளில் பிரிப்பது. மேஜையில் பதினொரு ஜாடிகள். இதுவரை ஒரு திருகாணிகூட ஜாடி மாறி விழுந்ததில்லை.

வீட்டார் அவரிடம் பேச ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார்கள். 'சாப்பாடு.' 'மாத்திரை.' 'டாக்டர் 11.' எழுதக் கை வலிக்கும், நேரம் ஆகும் என்று வார்த்தைகள் தேய்ந்து தேய்ந்து இவ்வளவுதான் மிச்சம்.

மாமனார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பட்டையைப் பார்த்தார்.

"அது நீ பேசினதா?" அவர் குரல் அவருக்குக் கேட்காது என்பதால் பக்கத்தில் இருப்பவளிடம் பேசியது தெருமுனை வரை போயிற்று. பட்டையில் அது நீல எழுத்தில் வந்தது.

"ஆமா மாமா."

ஆமா மாமா.

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"ஆமா மாமா. நான் பேசறதுதான் வருது. ஆளுக்கொரு கலர் போடுது போல. நான் மஞ்சள், நீங்க நீலம்."

ஒவ்வொரு வார்த்தையாக வந்து விழுவதை அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் இந்த வீட்டில் யாரும் அவரிடம் இத்தனை நீளமாகப் பேசியதில்லை. அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"பேசு" என்றார். "எதையாவது பேசிக்கிட்டே இரு."

பேசு என்றதும் பேச்சு வருமா? அவளுக்குத் தலைக்குள் வெறும் காற்று. கடைசியில் டிப்போப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தாள்.

"பதினேழாம் நம்பர் வண்டி. காலையில அஞ்சு பத்துக்குக் கிளம்பும். அதோட டிரைவருக்கு இடுப்பு வலி. அதனால மேட்டுத் தெரு வழியா அவரைப் போட மாட்டேன். ஒரு நாள் போட்டேன், மூணு நாள் என்கூடப் பேசல. இருபத்திரண்டாம் நம்பர் டிரைவர் மாமியார் வீட்டுத் தெருவைத் தவிர எங்க வேணாலும் போவேன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

மாமனார் சிரித்தார். பட்டை அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வினாடி காலியாக நின்றது.

"நாற்பத்தெட்டு இன்னும் ஓடுதா? பட்டறைக்கு நான் அதுலதான் போவேன்."

"ஓடுது மாமா. இப்ப சந்தை வரைக்கும் போகுது."

"சந்தை வரைக்குமா" என்றார், ஒரு நாட்டையே புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி.

சமைக்க மூன்று முறை எழுந்தாள். மூன்று முறையும் "எங்க போறே, உட்காரு" என்று உட்கார வைத்தார். பிறகு அவரே ஒரு பரிசோதனையில் இறங்கினார். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று உரக்கச் சொன்னார். எழுத்து வந்தது. குரலைக் குறைத்தார். வந்தது. இன்னும் குறைத்தார். அதற்கும் வந்தது. மூச்சுக் காற்றாய் ஒலித்தபோதுதான் பட்டை கைவிட்டது. அதற்கு ஒரு படி மேலே குரலை ஏற்றி நிறுத்தினார்.

"இவ்வளவு போதுமா? நான் இவ்வளவு நாளா கத்திக்கிட்டா இருந்தேன்?"

ஆமாம் என்று எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினாள். எத்தனையோ பேர் எங்கோ உட்கார்ந்து இந்தப் பட்டையைச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மேஜையும் தெரியாது, இந்த ஜாடிகளும் தெரியாது. ஆனால் இவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சரியாக ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பிடத் தோன்றியது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

"நாலு மணிக்குப் பொண்ணு வருவாள்ல" என்றார் மாமனார், புதுக் குரலில். "அவ பேசறதையும் இது எழுதுமா?"

"எழுதும் மாமா" என்றாள். சொன்ன பிறகுதான் நாலு மணிக்கு என்ன பேசப்போகிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

இந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அதை ஆரம்பித்தது நாத்தனார். மாமனாரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் அவர் எதிரிலேயே பேசுவார்கள், ஆனால் சிரித்த முகமாகப் பேசுவார்கள். முகத்தைச் சுளித்தால் அவருக்குச் சந்தேகம் வரும், எழுந்து உள்ளே போனாலும் சந்தேகம் வரும். அதனால் அவருக்கு மாத்திரை கூட்டியதையும், அவர் நண்பர் இறந்ததையும், வீட்டில் நெருப்புப் பிடித்ததற்கு யார் காரணம் என்பதையும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டேதான் பேசி முடித்திருந்தார்கள். அவரும் பதிலுக்குச் சிரிப்பார்.

கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். 'சீக்கிரம் வாங்க. இன்னிக்கு மாமா முன்னாடி எதுவும் பேச வேண்டாம்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க.' அவன் பார்க்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் போனைக் கருவிப் பெட்டியில் வைத்துவிடுவான்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சுட்டியைக் காதுப் படத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரே அழுத்து. பட்டை போய்விடும், கெட்டுப்போச்சு மாமா என்று பலகையில் எழுதிவிடலாம். ஆறு மணிக்குள் விண்ணப்பம் போய்விடும். அவள் செய்ததும் அதோடு சேர்ந்து இந்த வீட்டை விட்டுப் போய்விடும்.

மாமனார் வந்தார். குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார். திரைக்கு நேர் எதிரே தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறு வருஷம் ஆச்சு, அவ என்ன பேசறான்னு தெரிஞ்சு."

அவள் சுட்டியை விட்டுவிட்டாள்.

கணவன் வந்தபோது கம்ப்யூட்டர் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. வழக்கம்போல இரண்டு பைகளிலிருந்தும் திருகாணிகளை அள்ளி அப்பா முன்னால் கொட்டினான்.

"ஏங்க, ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

"அப்புறம். கால் வருது பாரு." அவனே பொத்தானை அழுத்திவிட்டான்.

நாத்தனார் திரை முழுவதும் சிரித்தாள். அப்பாவுக்குக் கை காட்டினாள். அப்பாவும் கை காட்டினார்.

"அண்ணா, ஃபார்ம் அனுப்பிட்டியா?" பட்டையில் சிவப்பு எழுத்து.

"இன்னும் இல்ல. ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு." பச்சை. கணவன் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"இன்னும் என்ன யோசனை? அடுப்பை மறந்து வீட்டையே கொளுத்தப் பார்த்தாரு. இனிமே இவரை வீட்டுல வச்சுக்க முடியாதுண்ணா. அங்க கொண்டுபோய் விட்டாதான் எல்லாருக்கும் நிம்மதி." கண்ணில் குறும்புகூட வைத்துச் சிரித்தாள்.

மாமனார் கையில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. அதை அவர் பெரிய நட்டுகள் இருக்கும் ஜாடியில் போட்டார். மருமகள் பார்த்தாள்.

"நான் எதை மறந்தேன்?" என்றார் மெதுவாக.

கணவன் வெள்ளைப் பலகையைத் தேடினான், பிறகு அப்பாவின் கண் போகும் இடத்தைப் பார்த்தான். அவனுடைய பச்சை வரியும் தங்கையின் சிவப்பு வரிகளும் அங்கே நின்றுகொண்டிருந்தன. அவன் முகம் சிரிப்பை நிறுத்த மறந்துபோய் அப்படியே இருந்தது.

"அப்பா, உங்களுக்கு எப்படி..." என்றான்.

"என்ன ஆச்சு? அப்பாகிட்ட யார் சொன்னது?" என்றாள் நாத்தனார். "அண்ணி, நீங்க சொல்லிட்டீங்களா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச, பட்டையில் பச்சையும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மருமகள் திரையை நோக்கிக் குனிந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுப்பைப் பத்த வச்சது நான். கெட்டிலை ஏத்திட்டு கீழ போய்ப் பேசிக்கிட்டு நின்னது நான். மாமா எதையும் மறக்கல."

மஞ்சளில் மூன்று வரி வந்தது. வாயால் சொன்னது காற்றோடு போயிருக்கும். இது போகவில்லை. கணவன் காதால் கேட்டவன்தான், ஆனாலும் அதை ஒரு முறை படித்தான்.

"மூணு வாரமா ஏன் சொல்லல?"

"பயம்" என்றாள். "முதல்ல உங்களை நெனச்சு. அப்புறம் சொல்லாம இருந்ததை நெனச்சே பயம்."

அவன் அவளைப் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். மாமனார் பட்டையைப் படித்து முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியுமேம்மா. நீ கெட்டிலை வச்சுட்டுச் செருப்பு மாட்டிட்டுப் போனதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நீ இதோ திரும்பி வந்துடுவேன்னு நெனச்சேன்."

"தெரியுமா?" கணவன் எழுந்துவிட்டான். "அப்புறம் ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

மாமனார் அந்தப் பச்சை வரி முழுதாக வரும்வரை காத்திருந்தார். காலையில் கண்டுபிடித்துவைத்த அந்தச் சின்னக் குரலில் சொன்னார்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் என்கிட்ட விசாரிக்கலியேப்பா."

கணவன் உட்கார்ந்தான். இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தான். கிழிக்கப்போகிறான் என்று மருமகள் நினைத்தாள். கிழிக்கவில்லை. மடித்து, ஒரு ஜாடிக்கு அடியில் வைத்தான். மருமகள் அழுதாள், மறைக்கவில்லை. திரையில் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஆளாளுக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான்.

"இது யாரு?" என்றார் மாமனார்.

"எது மாமா?"

"ஊதா கலர். இவ்வளவு நேரம் நாலு கலர்தான் இருந்துச்சு. இது அஞ்சாவது." விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். "'வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னு அவங்ககிட்ட சொன்னியா இல்லியா.' யாரு வீட்டைக் காலி பண்ணணும்?"

மருமகளுக்கு அப்படி எதுவும் காதில் விழவில்லை. கணவனுக்கும் விழவில்லை. நாத்தனாருக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னதை அந்தப் பட்டை மட்டும் பிடித்து வைத்திருந்தது. நாத்தனார் நிமிர்ந்தாள். இந்த வீட்டுத் திரையில் ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கை முன்னால் நீண்டது. படம் போய்விட்டது.

கறுப்புத் திரையின் அடியில் ஊதா வரிகள் மட்டும் மிச்சம் இருந்தன. கணவன் ஓடிப்போய்ப் படித்திருக்கலாம், மூன்றடி தூரம்தான். போகவில்லை. நாற்காலியை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, வேற என்ன சொன்னாங்க?" என்று விசாரித்தான்.

கேள்வி பச்சையில் வந்து நின்றது. மாமனார் அதைப் படித்தார். ஜாடி மாறி விழுந்த அந்தச் சின்னத் திருகாணியைத் தேடி எடுத்து, அதன் ஜாடியில் போட்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நீயும் உட்காரும்மா" என்றார் மருமகளிடம். "இன்னும் ரெண்டு வரி இருக்கு. நான் சொல்றேன்."